பழைய ராணுவ ரைஃபிளின் உதையைக் கட்டுக்குள் வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

லீ-என்ஃபீல்டு, மௌசர், மோசின்-நாகன்ட், ஸ்பிரிங்ஃபீல்டு. இவற்றில் ஒன்றை முதன்முதலாகச் சுட்டுப் பார்த்தவர், மறுநாள் தோளில் கன்றிப்போன நீலத் திட்டைப் பார்த்து, "அந்தக் காலத்துத் தோட்டாவுக்கு பலம் ஜாஸ்தி" என்று முடிவு கட்டிவிடுவார். அது சரியல்ல. 0.30-06 தோட்டா போடும் இன்றைய வேட்டை ரைஃபிள் பழைய ராணுவ ரைஃபிளைவிட எடை குறைவு. கணக்குப்படி அதுதான் அதிகம் உதைக்க வேண்டும், அதாவது சுடும்போது தோளை நோக்கிப் பின்னே அடிக்க வேண்டும். ஆனாலும் அதன் பின்னால் ரப்பர் இருக்கிறது, கட்டை (தோளில் வைக்கும் மரப் பகுதி) நேராக இருக்கிறது, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) கண்ணை விட்டுத் தள்ளி நிற்கிறது. பழைய ரைஃபிளில் இருப்பதோ உலோகத் தகடு, குட்டைக் கட்டை, வருடக்கணக்கில் எண்ணெய் குடித்து நெகிழ்ந்த மரம். உதையின் அளவை விட, அது உடம்புக்கு வந்து சேரும் விதம்தான் வலிக்கு முக்கியக் காரணம். அதை வரிசையாகச் சரிசெய்தால், துப்பாக்கியின் ஒரு திருகைக்கூட நிரந்தரமாக மாற்றாமல் ஒரு நாள் முழுக்கச் சுகமாகச் சுடலாம்.

வரிசை முக்கியம். முதலில் துப்பாக்கி பழுதில்லாமல் இருக்கிறதா, பிறகு தோட்டா, பிறகு கட்டையின் அளவு, பிறகு உடல் நிலை, கடைசியாகப் பயிற்சி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ரப்பர் பேட் வாங்குகிறார்கள், விரிசல் விட்ட கட்டையைக் கவனிப்பதே இல்லை.

உதையின் கணக்கு

குண்டும், அதன் பின்னால் பாயும் வெடிமருந்து வாயுவும் முன்னே போகும்போது சுமந்து செல்லும் உந்தத்துக்குச் சமமான உந்தம் துப்பாக்கிக்குப் பின்பக்கமாகக் கிடைக்கிறது. லீ-என்ஃபீல்டுக்கான 0.303 மார்க் 7 தோட்டாவை எடுத்துக்கொள்வோம். குண்டு 174 கிரெயின், அதாவது 11.3 கிராம். வேகம் நொடிக்குச் சுமார் 744 மீட்டர். மருந்து சுமார் 2.4 கிராம். அது வாயுவாகி வெளியேறும் வேகத்தைச் சராசரியாக நொடிக்கு 1,200 மீட்டர் என்று வைத்தால், மொத்த உந்தம் 11.3 கிலோகிராம் மீட்டர்/நொடி வருகிறது. 3.96 கிலோ எடையுள்ள லீ-என்ஃபீல்டு நம்பர் 1 மார்க் 3 ரைஃபிள் இதனால் நொடிக்கு 2.85 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். ஆற்றல் 16 ஜூல். அதே தோட்டாவை 3.2 கிலோ எடையுள்ள நம்பர் 5 'ஜங்கிள் கார்பைனில்' (அதன் குட்டை வகை) போட்டால் ஆற்றல் கிட்டத்தட்ட 20 ஜூல். எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, உதை கால்பங்கு கூடியது.

இன்னொரு கணக்குதான் இந்தக் கட்டுரைக்கே அடிப்படை. அந்த 16 ஜூல் ஆற்றல் 1 சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்தப்பட்டால் தோளில் விழும் சராசரி விசை 1,600 நியூட்டன். 3 சென்டிமீட்டரில் நிறுத்தப்பட்டால் சுமார் 530 நியூட்டன். உதை அதேதான், வலி மூன்றில் ஒரு பங்கு. கீழே சொல்லப்படும் பல உத்திகள் ஒன்று இந்த நிற்கும் தூரத்தைக் கூட்டுபவை, அல்லது விசை விழும் பரப்பை அகலமாக்குபவை.

படி 1: இது வெறும் உதைதானா என்று பாருங்கள்

வழக்கத்தைவிட உதை திடீரென்று கூடியிருந்தால், அதைத் தாங்கப் பழகுவது தவறு. உடனே நிறுத்த வேண்டும். காலித் தோட்டாவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பிரைமரின் (அடிப்பகுதி நடுவில் உள்ள தீமூட்டியின்) வட்ட விளிம்பு தட்டையாகி அதன் குழி முழுக்கப் பரவியிருக்கிறதா? அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் அல்லது நுண்ணிய கீறல் தெரிகிறதா? போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டும் தண்டை) தூக்கக் கையால் தட்ட வேண்டியிருக்கிறதா? பிரைமர் ஓரத்தில் கரி படிந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய சுடுதல் முடிந்தது. துப்பாக்கிப் பழுது நிபுணரிடம் கொடுங்கள்.

முதல் தோட்டாவைப் போடும் முன்பே செய்ய வேண்டியவையும் உண்டு.

குழலைக் காலி என்று உறுதிசெய்துவிட்டு, போல்ட்டைக் கழற்றிப் பின்புறமிருந்து வெளிச்சம் பாருங்கள். பழைய ராணுவக் கிடங்குகளிலிருந்து வந்த துப்பாக்கிகளில் காப்புக் கிரீஸ் குழலுக்குள்ளும் சேம்பருக்குள்ளும் (தோட்டா உட்காரும் அறை) கெட்டியாக உறைந்திருக்கும். குழலில் கிரீஸ் இருந்தால் குண்டுக்கு அது தடை. சேம்பரில் இருந்தால் தோட்டாவின் பித்தளை சுவரைப் பிடித்துக்கொள்ளாமல் வழுக்கி, முழு அழுத்தத்தையும் போல்ட்டின் முகத்தில் போடும். கரைப்பானில் நனைத்த துணி கறையில்லாமல் வரும்வரை துடையுங்கள், கடைசித் துணி உலர்ந்ததாக இருக்கட்டும்.

ஹெட்ஸ்பேஸை, அதாவது போல்ட் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா முட்டும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை, கேஜ் (அளவுக்கருவி) வைத்துப் பாருங்கள். 0.303க்கு ராணுவ அளவு 0.064 முதல் 0.074 அங்குலம். போல்ட்டில் உள்ள எண்ணும் ரிசீவரில் (போல்ட் ஓடும் இரும்பு உடல்) உள்ள எண்ணும் பொருந்தவில்லை என்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

சில துப்பாக்கிகளைச் சுடாமல் விடுவதே நல்லது. ஸ்பிரிங்ஃபீல்டு எம்1903-இல், ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் 8,00,000க்குக் கீழுள்ள வரிசை எண்களும் ராக் ஐலண்ட் ஆலையின் 2,85,507க்குக் கீழுள்ள வரிசை எண்களும் வெப்பப் பதப்படுத்தலில் குறை இருக்கக்கூடியவை. ரிசீவர் நொறுங்கக்கூடியது. ஜெர்மன் கெவேர் 88 வைத்திருப்பவர்கள் குழலின் அளவைக் கட்டாயம் அளக்க வேண்டும். 1905-இல் வந்த 0.323 அங்குலக் குண்டு, பழைய 0.318 அங்குலக் குழலில் போனால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அந்த "உதை" உதையே அல்ல.

படி 2: கட்டையும் திருகுகளும்

தளர்ந்த கட்டை இரண்டு முறை அடிக்கும். முதலில் இரும்பு பின்னே வந்து மரத்தில் மோதும், பிறகு மரம் தோளில் மோதும். சுடுபவருக்கு அது ஒரு கூர்மையான குத்தாகத் தெரியும். மரத்துக்கு அதைவிடக் கேடு.

லீ-என்ஃபீல்டில் பின்கட்டை தனித் துண்டு. ஒரு கையால் ரிசீவரையும் மறு கையால் பின்கட்டையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். இம்மி அசைந்தாலும் இறுக்க வேண்டும். பட் பிளேட்டில் (பின்கட்டையின் முனைத் தகடு) உள்ள மூடியைத் திறந்து, எண்ணெய்ப் புட்டியையும் துடைக்கும் கயிற்றையும் எடுத்து, உள்ளே அடைத்திருக்கும் தோல் அல்லது ஃபெல்ட் துண்டை வெளியே இழுத்தால் நீளமான திருகாணியின் தலை தெரியும். இங்கேதான் நிறையப் பேர் அழகான துப்பாக்கியைக் கெடுத்துவிடுகிறார்கள். நம்பர் 1 மார்க் 3-இல் அந்தத் திருகாணியின் மறுமுனை சதுரமாக இருக்கும். அது முன்கட்டையின் பின்புறத்தில் பதித்த ஒரு தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் திருகினால், அந்தச் சதுரம் சுழன்று முன்கட்டையை உள்ளிருந்து பிளந்துவிடும். முதலில் முன்கட்டையை எடுங்கள். நேராகக் கீழே இழுத்து எடுங்கள், முன்முனைப் பக்கமாகச் சாய்த்துத் தொங்கவிட்டு எடுத்தால் பின்முனையில் உதையைத் தாங்கும் மரம் உடையும். பிறகு திருகாணியை இறுக்கி, சதுரம் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முன்கட்டையை மாட்டுங்கள்.

முன்கட்டை கழன்றிருக்கும்போதே, ரிசீவர் முட்டும் அந்த இரண்டு மரப் பரப்புகளையும் பாருங்கள். கறுத்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மென்மையாக இருந்தால், எண்ணெய் ஊறி மரம் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே புதிய கடினமரத் துண்டு ஒட்டுவது நல்ல தச்சுக் கைக்கு உரிய வேலை. இரண்டு பக்கமும் சமமாக முட்டாவிட்டால் கட்டை பிளக்கும்.

மௌசர் வகைகளில் உதையைத் தாங்குவது ரிசீவரின் முன்வளையத்தின் கீழுள்ள லக் என்னும் இரும்புப் புடைப்பு. அது மரத்தில் உள்ள குறுக்கு போல்ட்டில் (குறுக்கே செருகிய இரும்புத் தண்டு) முழுமையாக முட்ட வேண்டும். ரிசீவரின் பின்வால் மரத்தைத் தொடக் கூடாது, அரை மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். தொட்டால், ஒவ்வொரு சூட்டிலும் அது ஆப்பு போல வேலை செய்து கட்டையின் கழுத்தை (கை பிடிக்கும் மெல்லிய பகுதியை) பிளக்கும். அந்த இடத்தில் மயிரிழை போன்ற கோடு தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மோசின்-நாகன்டிலும் இதே சோதனைதான். திருகுகளை இறுக்க, பள்ளத்தின் அகலத்துக்கும் தடிமனுக்கும் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். பொருந்தாதது தலையைச் சிதைக்கும். முதலில் முன் திருகு, பிறகு பின் திருகு, பத்துச் சூட்டுக்குப் பிறகு மறுபடி ஒரு சோதனை.

படி 3: தோட்டாவைத் தேர்ந்தெடுங்கள்

செலவில்லாமல் உதையைக் குறைக்கும் வழி இதுதான். கனமான குண்டிலிருந்து லேசான குண்டுக்கு மாறினாலே வித்தியாசம் தெரியும். மோசின்-நாகன்டின் 7.62×54ஆர்-இல் 148 கிரெயின் குண்டும் 180 கிரெயினுக்கு மேற்பட்ட குண்டும் கிடைக்கின்றன. பயிற்சிக்கு லேசானதே போதும். 0.30-06க்கு 125 கிரெயின் குண்டோடு உதை குறைத்துத் தயாரிக்கப்பட்ட தோட்டாக்கள் உண்டு. 180 கிரெயின் முழு பலத் தோட்டாவோடு ஒப்பிட்டால் உதை ஏறக்குறைய பாதி.

8 மில்லிமீட்டர் மௌசரில் பெட்டியின் மேலுள்ள எழுத்தைக் கவனித்துப் படியுங்கள். அமெரிக்கத் தர அளவின்படி இதன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. ஐரோப்பியத் தர அளவின்படி 3,900 பார், அதாவது சுமார் 56,500 பவுண்டு. பழைய 0.318 குழல்களில் யாராவது போட்டுவிடக் கூடும் என்பதால் அமெரிக்க ஆலைகள் மென்மையாகவே நிரப்புகின்றன. பெயர் ஒன்றுதான், ஆனால் ஒன்று தோளைத் தள்ளும், மற்றது இடிக்கும். தோள் வலிக்கிறது என்பவர்கள் முதலில் அமெரிக்கப் பெட்டியை முயலுங்கள்.

சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உதையைக் குறைக்க மருந்தைத் தோராயமாகக் குறைக்காதீர்கள். குண்டு குழலின் நடுவில் சிக்கி, அடுத்த சூட்டில் குழல் வெடிக்கலாம். மெதுவாக எரியும் மருந்தை அளவுக்கு மீறிக் குறைத்தால், அழுத்தம் எதிர்பாராமல் எகிறும் அபாயமும் உண்டு. மருந்துத் தயாரிப்பாளர் குறைந்த அளவு என்று அச்சிட்டுத் தந்திருப்பதை மட்டும், அதே மருந்து, அதே எடைக் குண்டோடு பின்பற்றுங்கள்.

குண்டின் எடை மாறினால் குறி விழும் இடமும் மாறும். பழைய சைட்கள் (துப்பாக்கியின் மேலுள்ள குறிபார்க்கும் பாகங்கள்) அந்தக் கால ராணுவத் தோட்டாவுக்கு அமைக்கப்பட்டவை. தாளில் எங்கே விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும், சைட்டை அராவ வேண்டாம்.

படி 4: தோளுக்கும் கட்டைக்கும் இடையில்

பழைய கட்டைகள் குட்டையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தடித்த கம்பளிக் கோட்டின் மேல் தோள்வார்ப் பட்டைகளும் போட்ட சிப்பாய்க்காக அவை செய்யப்பட்டன. மெல்லிய சட்டையோடு அதே கட்டையைத் தூக்கினால், கட்டையின் கழுத்தைப் பற்றிய கட்டைவிரலும் மூக்கும் மிக அருகில் வந்துவிடும். துப்பாக்கி காலி என்று உறுதிசெய்து, தோளில் வைத்து, ஒருவரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் முட்டிக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் அகலம் இருக்க வேண்டும். குறைந்தால் உதட்டில் இரத்தம் வரும் நாள் தூரத்தில் இல்லை.

இதற்குக் கழற்றி மாட்டும் ரப்பர் பேட் போதும். உறை போல இழுத்து மாட்டுவது. கட்டையின் நீளத்தை 2 முதல் 2.5 சென்டிமீட்டர் கூட்டும், உலோகத் தகட்டின் கூரான கீழ்முனையை மூடும், நிற்கும் தூரத்தையும் கூட்டும். மூன்று நன்மை ஒரே பொருளில். வாங்கும்போது கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். அமுங்கி மெதுவாக மீள வேண்டும். பந்து போல உடனே துள்ளி மீள்வது உதையைத் தோளுக்குத் திருப்பிக் கொடுக்கும். மெல்லிய தோல் உறைகள் நீளத்தைக் கூட்டுமே தவிர, அதிகம் உறிஞ்சாது. லீ-என்ஃபீல்டு உரிமையாளருக்கு இன்னொரு வழியும் உண்டு. அதன் பின்கட்டைகள் அரை அங்குல வித்தியாசத்தில் பல நீளங்களில் செய்யப்பட்டன. நீளமானதில் 'எல்', குட்டையானதில் 'எஸ்', மிகக் குட்டையானதில் 'பி' என்று முத்திரை இருக்கும். உங்களுடையது 'பி' என்றால், வலிக்கான காரணம் கிடைத்துவிட்டது.

ஜங்கிள் கார்பைனின் அசல் ரப்பர் பேடை நம்பாதீர்கள். அது கட்டையைவிடக் குறுகலானது, எண்பது வருடத்தில் கல்லாக இறுகிப்போயிருக்கும். சின்னப் பரப்பில் முழு விசையையும் இறக்குகிறது. அதன் மேலேயே ஒரு அகலமான உறைப் பேட் மாட்டுங்கள்.

துப்பாக்கியில் எதையும் மாட்ட விருப்பமில்லாதவர்கள் தோளில் கட்டும் பட்டைப் பேட் போட்டுக்கொள்ளலாம். துண்டு மடித்து வைப்பது சரிப்படாது. இரண்டாவது சூட்டிலேயே நழுவிவிடும்.

எடை கூட்டுவதும் நல்ல வழி. பின்கட்டையின் குழியில், துணிப்பையில் கட்டிய ஈயக் குண்டுமணி 300 கிராம் அடைத்தால், 3.2 கிலோ கார்பைனின் உதை 20 ஜூலிலிருந்து சுமார் 18 ஆகக் குறையும். அசையாமல் இருக்க மேலே ஃபெல்ட் அடையுங்கள். எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்துவிடலாம்.

மோசினுக்கு விற்கப்படும் கவ்விப் பிடிக்கும் மசில் பிரேக்குகளை (குழல் முனையில் வாயுவைத் திருப்பிவிடும் பாகங்களை) பரிந்துரைக்க முடியாது. இம்மி கோணினாலும் குண்டு உரசும், சத்தமும் பக்கத்தில் நிற்பவர் காதில் விழும். குழலில் மரை வெட்டுவது, கட்டையை அறுத்து நிரந்தரப் பேட் ஒட்டுவது இவையெல்லாம் வேண்டவே வேண்டாம். இரண்டு போர்களைத் தாண்டி முழுதாக வந்து சேர்ந்த ஒரு பொருளை நம் தோள் வலிக்காக அறுப்பது மீட்க முடியாத இழப்பு.

படி 5: உடம்பை வைக்கும் விதம்

தோள் மூட்டு உருண்டைக்கும் காரை எலும்புக்கும் நடுவே, மார்புத் தசையின் மேல் ஓரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. வலது முழங்கையைத் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழ்வரை தூக்கினால் இந்தப் பள்ளம் தானாகவே ஆழமாகும், இடது கை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். பட் பிளேட்டின் முழு உயரமும் அதற்குள் உட்கார வேண்டும். கீழ்முனை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த முனை குத்தும். மேல்கையில் நீலம் பாரித்தால் கட்டை வெளியே நகர்ந்திருக்கிறது. காரை எலும்பு வலித்தால் உள்ளே வந்திருக்கிறது. கன்றிய இடமே தவறைச் சொல்லிவிடும்.

துப்பாக்கியைத் தோளுக்குள் இறுக இழுத்துப் பிடியுங்கள். வலிக்குப் பயந்து ஒரு விரல் அகலம் இடைவெளி விட்டுப் பிடிப்பவர்கள் உண்டு. அந்த இடைவெளியில் துப்பாக்கி நொடிக்கு 3 மீட்டர் வேகத்தைத் தனியாகவே எட்டி, பிறகு எலும்பில் மோதுகிறது. ஒட்டியிருந்தால் துப்பாக்கியோடு உடம்பும் சேர்ந்து நகரும்.

கன்னத்தைக் கட்டையில் அழுத்தி வையுங்கள். பழைய கட்டைகள் பின்னால் சரிந்து தாழ்வதால், சுடும்போது குழல் மேலே எழும்பும், கட்டையின் மேல்விளிம்பு கன்ன எலும்பை நோக்கி வரும். முகம் ஒட்டியிருந்தால் அது தள்ளும், விலகியிருந்தால் அடிக்கும். கட்டைவிரலைக் கட்டையின் கழுத்தின் மேலே சுற்றிப் போடாமல், வலப்பக்கத்தில் நீட்டி வைத்துப் பிடித்தால் மூக்கு தப்பும்.

நின்று சுடுவதே மென்மையானது. இடது கால் முன்னே, உடம்பின் எடை சற்று முன்பக்கம், இடுப்பு வளைந்து கொடுக்க இடமிருக்கட்டும். படுத்துச் சுடும்போது உடம்பு பின்னே நகர வழியில்லை, காரை எலும்பு நேரடியாகத் தாங்கும். புதியவர்கள் கனத்த ரைஃபிளைப் படுத்துச் சுட்டுத் தொடங்கவே வேண்டாம்.

ஸ்கோப் மாட்டியிருந்தால் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் குறைந்தது 9 சென்டிமீட்டர் வேண்டும். மேட்டை நோக்கிச் சுடும்போது இந்தத் தூரம் தானாகக் குறைவதை மறக்காதீர்கள்.

பெஞ்சில் சுடும்போது

தோள் அதிகம் அடிபடும் இடம் பெஞ்ச். குனிந்து மேசையில் படிந்தால் அது படுத்துச் சுடுவதற்குச் சமம். முன் தாங்கியை உயர்த்துங்கள், முதுகு நிமிரும் அளவுக்கு. மணல் மூட்டை துப்பாக்கியின் முன்கட்டைக்குக் கீழே இருக்கட்டும், குழலுக்குக் கீழே அல்ல. ஸ்லிங் (தோள்வார்) வளையம் மூட்டையில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கனமான எடை ஏற்றித் துப்பாக்கியைப் பூட்டிவைக்கும் இரும்புத் தாங்கிகள் தோளுக்குச் சுகம், பழைய மரத்துக்கு நஞ்சு. துப்பாக்கி பின்னே நகர முடியாதபோது முழு விசையும் கட்டையின் கழுத்தில் இறங்கும், உலர்ந்த மரம் அங்கே பிளக்கும். உங்கள் தோள் கொடுக்கும் அந்த 3 சென்டிமீட்டர் நகர்வு கட்டையையும் சேர்த்தே காப்பாற்றுகிறது.

படி 6: பயத்தை எடுப்பது

சுடும் விசையை (ட்ரிகரை) இழுக்கும் முன்பே கண்ணை மூடித் தோளை முன்னே தள்ளுவதைத்தான் உதைப் பயம் என்கிறோம். அதில் பாதி சத்தத்தால் வருவது. காதுக்குள் செருகும் அடைப்பானும் அதன் மேல் மூடும் கவசமும் இரண்டும் சேர்த்துப் போடுங்கள். குட்டைக் குழல் கார்பைன்களுக்கு இது கட்டாயம். இதை மட்டும் செய்துவிட்டே "உதை குறைந்துவிட்டது" என்று சொல்பவர்களைப் பார்க்கலாம்.

பிறகு கலவைப் பயிற்சி. துணைக்கு ஒருவர் வேண்டும். ஐந்து தோட்டாவில் மூன்று நிறமிட்ட போலித் தோட்டா, இரண்டு உண்மையானது, வரிசையை அவர் மாற்றி மாற்றிப் போடட்டும். சுடுபவருக்கு எது வரும் என்று தெரியக் கூடாது. போலி வந்து "க்ளிக்" என்னும்போது குழலின் முனை கீழே தலையாட்டினால், பயம் கண்ணெதிரே தெரியும். ஆடாமல் ஐந்து முறை தொடர்ந்து வரும்வரை இதைச் செய்யுங்கள். பழைய இருப்புத் தோட்டாவில் இந்தப் பயிற்சி வேண்டாம், புதியதில் செய்யுங்கள். பழையவை தாமதித்து வெடிக்கக் கூடும். எந்தத் தோட்டாவானாலும் துணையாளர் அது போலி என்று உறுதியாகச் சொல்லும்வரை, க்ளிக்குக்குப் பிறகு குழலை இலக்கை நோக்கியே 30 நொடி வைத்திருந்து, பிறகே போல்ட்டைத் திறங்கள்.

இடையிடையே உதை மிகக் குறைந்த 0.22 ரைஃபிளில் பத்துச் சூடு. கைக்கும் ட்ரிகருக்கும் உள்ள பழக்கம் அங்கேதான் திரும்பும்.

முதல் நாளில் முழு பலத் தோட்டா 20க்கு மேல் வேண்டாம். எண்ணிக்கை முடியும் முன்பே குறிகள் தாளில் கீழே இறங்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். தோள் மரத்துப்போன பிறகு வலி தெரியாது, ஆனால் பயம் அப்போதுதான் ஆழமாகப் பதிகிறது. கன்றிய இடத்தில் துணியில் சுற்றிய பனிக்கட்டியை 10 முதல் 15 நிமிடம் வையுங்கள், நீலம் முழுக்க மறையும்வரை மறுபடி சுடாதீர்கள். இதய பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் விழித்திரைக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த ரைஃபிள்களைத் தோளில் வைக்கக் கூடாது. பேஸ்மேக்கர் இருக்கும் பக்கத் தோளில் விழும் உதை, அதன் கம்பியைச் சேதப்படுத்தலாம்.